சுண்ணாம்புக் கோட்டில் நான்கு முட்டைகள்

இன்று காலை உங்கள் போனிலும் அந்தப் பச்சை இலைப் படம் வந்து விழுந்திருக்கும். எனக்கு ஏழெட்டுப் பேர் அனுப்பியிருந்தார்கள். உலகச் சுற்றுச்சூழல் தின நல்வாழ்த்துகளாம். வாழ்த்துச் சொல்ல இதென்ன பொங்கலா என்று வருஷா வருஷம் தோன்றும். ஆனாலும் பதிலுக்கு நானும் ஒரு கும்பிடு படத்தை அனுப்பிவிடுவேன். பூனாவின் ஔந்தில் எங்கள் அடுக்ககத்தின் கீழே பந்தல் போட்டு, மைக்கில் பேசி, செடி நட்டார்கள். முழங்கால் ஒத்துழைக்காததால் நான் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நட்டவர்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். நான் அவர்கள் காலடித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குச் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட வழக்கம். எப்படி ஒட்டிக்கொண்டது என்று நம் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். இளையவர்களுக்குப் பாதியிலேயே போன் அடித்துவிடுகிறது.

கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் வளர்ந்தோம். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, அக்கா, நான். அப்பா அங்கே சூப்பர்வைசர். வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்தவர்கள். அம்மாவுக்கு இந்தி பாதி வரும், மராத்தி கால்வாசி வரும். எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் ஒரு பெரிய வெற்று மைதானம். அதைத் தாண்டி ரயில்பாதை. மைதானம் என்று பெயர்தானே தவிர, விளையாடக்கூட முடியாது, முழுக்கச் சரளைக்கல். விழுந்தால் முட்டி தேய்ந்துவிடும். கோடையில் அங்கங்கே காய்ந்த புல் வைக்கோல் நிறத்தில் நிற்கும். போபோடியிலிருந்து ஆடு ஓட்டி வருபவர்கள்கூட நிற்காமல் கடந்துபோவார்கள். லோணாவளா லோக்கல் ரயில் போகும்போது அந்தச் சரளை அத்தனையும் ஒரு முறை சன்னமாகக் குலுங்குவது போல எனக்குத் தோன்றும். அக்கா அதை நம்ப மாட்டாள்.

மைதானத்தின் ஓரமாகத் தண்ணீர்க் குழாய் ஒன்று போயிற்று. அதன் வால்வு எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். கசிந்த இடத்தில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் தேங்கி, சுற்றிலும் கொஞ்சம் பச்சை. கோடை முழுக்க அந்த ஊரிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

அது பள்ளி விடுமுறை. பூனாவில் ஜூன் பாதிக்குமேல்தான் பள்ளி திறப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மே மாதத்து மத்தியானங்களில் அம்மா கதவைச் சாத்திவிட்டு, சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்துப் படுத்துக்கொள்வாள். அக்கா பழைய வாரப்பத்திரிகைகளைப் புரட்டுவாள். எனக்குத் தூக்கம் வராது. பின்கதவின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு வெளியே பார்ப்பேன். அப்படித்தான் அந்தப் பறவையைப் பார்த்தேன்.

நீளமான மஞ்சள் கால். கருப்புத் தலை, கழுத்தில் வெள்ளைப் பட்டை, கண்ணுக்கு முன்னால் சிவப்பாகத் தொங்கும் சதை. ஆள்காட்டிக் குருவி என்று இப்போது தெரியும். அப்போது பெயர் தெரியாது. அது வால்வுக்கு வந்தது. தண்ணீர் குடிக்கவில்லை. தேங்கிய தண்ணீரில் அப்படியே உட்கார்ந்தது. அப்படியும் இப்படியும் அசைந்து வயிற்றை நனைத்தது. எழுந்தது. பறக்காமல், சொட்டச் சொட்ட மைதானத்துக்குள் ஓடியது. கொஞ்ச தூரம் ஓடி நின்றது, பிறகு மறுபடி ஓடியது. கானல் அலையில் கால்கள் மறைந்து உடல் மட்டும் மிதந்தது. அப்புறம் காணோம்.

மறுநாளும் அதே நேரம், அதே குளியல். அதற்கு மறுநாளும்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன்.

"அது இன்னாத்துக்குப்பா வயித்த மட்டும் நனச்சிகினு ஓடுது?"

"வெயிலு தாங்கல, குளிக்குது. நீயும் போய் குளி. மேலெல்லாம் புழுதி."

அக்காவிடம் கேட்டேன். "அதுக்கு வயித்து வலியா இருக்கும்" என்றாள், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாளை நாங்கள் காக்கூ என்று கூப்பிடுவோம், சித்தி என்கிற மாதிரி. அவளிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "டிட்வீ ஆஹே தீ" என்றாள். டிட்வி, மராத்தியில் அதன் பெயர். அது வீட்டுக்கு மேலே கத்திக்கொண்டு பறந்தால் அந்த வீட்டில் துக்கம் வரும் என்று சொல்லி, சொன்னதோடு நிற்காமல் எங்கள் வீட்டுக் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். கால்வாசி மராத்தியே அதைப் புரிந்துகொள்ளப் போதுமானதாக இருந்தது.

அம்மாவின் பயத்தை நீங்கள் லேசாக நினைத்துவிடக் கூடாது. அப்பா வேலை செய்தது வெடிமருந்து நிரப்பும் பகுதியில். எங்கள் வரிசையில் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் ஒரே காது. ஷிப்ட் சைரன் உரிய நேரத்தில் ஊதினால் வேலையைத் தொடர்வார்கள். நேரம் தப்பி எந்தச் சத்தம் கேட்டாலும் கையில் இருப்பது அப்படியே நிற்கும், தோசைக் கரண்டியோ குழந்தையின் சீப்போ. அப்படிப்பட்ட வீட்டின் பின்னால் வந்து ஒரு பறவை கத்துகிறது. அன்றிலிருந்து அம்மா அதன் குரலுக்கு வேறு மாதிரி திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

இதற்கு நடுவில்தான் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஒரு நாள் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், "விஷ்வ பர்யாவரண் திவஸ் கொண்டாடப் போறாங்க, ஜூன் அஞ்சு" என்றார். எங்கள் குவார்ட்டர்ஸில் அதுவரை அப்படி ஒன்றும் நடந்ததில்லை.

"அது எந்த சாமிக்கு?" என்றாள் அம்மா.

"சாமி இல்ல. சுத்துப்புறம். மரம், காத்து, தண்ணி... எல்லாத்துக்கும் சேத்து."

"அன்னிக்கு கவிச்சி சமைக்கலாமா?"

அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. "சர்க்குலர்ல ஒண்ணும் போடல" என்றார்.

பின்னால் இருக்கும் மைதானத்தில் வரிசையாகக் குழி தோண்டி, சுபாபுல் கன்று நட வேண்டும். ஊரில் சவுண்டல் என்போமே, அது. வீட்டுக்கு ஒரு கன்று. குழந்தைகள் சுத்தமான துணி உடுத்தி வர வேண்டும். தொழிற்சாலையின் தலைமை அதிகாரி, பெரிய சாப், மனைவியோடு வருகிறார். கன்றுகளின் வரிசை இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் அந்தக் கோடி வரை ஒரே நேர்க்கோடாகத் தெரிய வேண்டும் என்று சாப் சொல்லிவிட்டார். அந்தப் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. எங்கள் தலை வகிடு கோணலாக இருந்தால் சீப்பை வாங்கித் திரும்ப எடுத்துவிடுகிறவர் அவர்.

போபோடி கடைத்தெருவில் ஒரு பெரிய நூல்கண்டு வாங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பங்களுக்கு நடுவே நூலை இழுத்துக் கட்டி, தகர டப்பாவில் சுண்ணாம்புத் தூளை வைத்துக்கொண்டு, கண்ணை நூலிலிருந்து எடுக்காமல் நடந்து நடந்து ஒவ்வொரு குழிக்கும் ஒரு வெள்ளை வட்டம் போட்டார். அந்தப் பறவை அவர் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. அவர் ஒரு முறை தொப்பியால் விரட்டினார். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

எனக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. தினமும் குளிப்பது ஒன்று, அப்பாவை மட்டும் இப்படித் துரத்துவது இன்னொன்று. இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்க வேண்டும். அக்காவை எழுப்பினேன். அவளுக்கும் பத்திரிகைகள் தீர்ந்துபோயிருந்தன.

மறுநாள் மத்தியானம் இருவரும் வால்வுக்கு எதிரே, குழாயைத் தாங்கும் சிமெண்ட் கட்டையின் நிழலில் உட்கார்ந்தோம். பறவை வந்தது, நனைந்தது, ஓடியது. பின்னாலேயே நாங்களும் போனோம். அது நின்றால் நின்றோம், ஓடினால் ஓடினோம். ஓரிடத்தில் மெதுவாக முட்டியை மடக்கி இறங்கியது. நாங்கள் நெருங்கவும் எழுந்து ஆகாயத்தில் ஏறி, எங்கள் காதைக் கிழிக்கிற மாதிரி கத்திக்கொண்டு தலையை நோக்கிப் பாய்ந்தது. அக்கா தாவணியைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கல், கல், கல். நாங்கள் குனிந்தோம். பிறகு மண்டியிட்டோம். சரளை சுட்டது. கொஞ்ச நேரம் அதே இடத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு, நான் பார்த்துக்கொண்டிருந்த கல் ஒன்று கல்லாக இல்லாமல் போயிற்று. அப்புறம் அதன் பக்கத்துக் கல்லும். மண் நிறத்தில் கருப்புத் திட்டுகள் போட்ட நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்பக்கமாக, நான்கு பேர் தலையைச் சேர்த்து ரகசியம் பேசுவது போல. கூடு என்று எதுவுமில்லை. பொடிக்கற்களைச் சுற்றி ஒதுக்கியிருந்தது, அவ்வளவுதான்.

"அசையாதே" என்றாள் அக்கா. "நீ எங்க கீறன்னு தெரியுமா?"

நான் ஒரு வெள்ளை வட்டத்துக்குள் மண்டியிட்டிருந்தேன். அப்பா போட்ட வட்டம். முட்டைகள் அதன் நட்டநடுவில் இருந்தன. ஒரு முட்டையின் மேல் குறுக்காகச் சுண்ணாம்பு சிந்தியிருந்தது. அப்பா அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறார்.

நாங்கள் போய் அம்மாவிடம் சொன்னோம். அம்மா எழுந்து பின்கதவைத் திறந்து மைதானத்தைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்து, "அத்த எடுத்துகினு போய் தண்டவாளத்துக்கு அந்தாண்ட வச்சிட்டு வா. முட்ட போச்சுன்னா அதுவும் கூடவே போயிடும்" என்றாள்.

"நான் மாட்டேன்."

"உங்கப்பா உள்ள வேலை செய்றாருடி. வெளிய நின்னு அது ராவும் பகலும் கத்துது. எனக்கு எப்படி இருக்கும்?"

அக்கா அசையவில்லை. கடைசியில் அம்மாவே கிளம்பினாள். காலியான வனஸ்பதி டப்பா ஒன்றில் பழைய துணியைச் சுருட்டி வைத்து, என்னிடம், "இடத்த காட்டு" என்றாள். நல்ல உச்சி வெயில். அம்மா மைதானத்துக்குள் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. செருப்பு சரளையில் வழுக்கி வழுக்கி நடந்தாள். பறவை அங்கே இல்லை. வால்வுக்குப் போயிருந்தது.

நாங்கள் முட்டைகளுக்குச் சற்றுத் தள்ளி நிற்கும்போதே அது திரும்பி ஓடி வந்தது. எங்களைப் பார்த்தும் இந்த முறை மேலே ஏறவில்லை. என்ன அவசரமோ, கத்திக்கொண்டே வந்து முட்டைகளுக்கு மேலே நின்று, இறகைச் சிலிர்த்து, ஈர வயிற்றை இறக்கியது. உட்காரும்போது அந்த மஞ்சள் கால்கள் வெடவெடத்தது தெரிந்தது. வாய் திறந்திருந்தது. எங்களைப் பார்த்தபடியே இருந்தது. ஓரத்து முட்டையின் மேல் ஒரு சொட்டு விழுந்து, உடனே காய்ந்தது.

அம்மா டப்பாவைக் கீழே வைத்தாள்.

"ஈரத்துணி போடுதுடி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"உனக்கு ஜொரம் வந்தா நெத்தில போடல? அந்த மாதிரி. வெயில்ல முட்ட வெந்துடும் இல்ல. துணி ஏது அதுக்கு? வயித்தயே நனச்சிகினு வந்து போடுது."

எத்தனையோ நாளாக நான் ஊரையெல்லாம் கேட்டுத் திரிந்த கேள்விக்கு இப்படிப் பதில் கிடைத்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அம்மா முகத்தைப் பார்த்துக் குதிக்கவில்லை. அவள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, "அது கத்தினா எனக்கு பயம்தான். அது மாறாது" என்றாள், யாரோ மறுத்துப் பேசியது போல.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் அம்மாதான் சொன்னாள். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒரு குழிய வுட்டா நடுவுல பல்லு வுழுந்த மாதிரி தெரியும். சாப் கேப்பாரு."

"சொல்லுங்களேன், முட்ட கீதுன்னு."

"மரம் நடுற அன்னிக்கு குருவி முட்டைக்காக மரம் நடலன்னு சொல்லட்டுமா? சிரிப்பாங்க."

"ஏங்க, அது இன்னா திவஸ்னு சொன்னீங்க? எல்லாத்துக்கும் சேத்துன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்பா தள்ளி வைத்த தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். மறுநாள் டியூட்டிக்குப் போகும் முன் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கும் முதலில் தெரியவில்லை. நான் விரலால் காட்ட, அவர் குனிந்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி குனிந்தார். சுண்ணாம்புக் கோடு விழுந்த முட்டையைக் கண்டதும் கை தானாக வாயருகே போயிற்று. "நான் போட்டதா இது?" என்றார். பக்கத்தில் அவருடைய பூட்ஸ் தடம் புழுதியில் அப்படியே இருந்தது. ஒரு விரற்கடை தப்பியிருந்தது.

அப்பா கண்டுபிடித்த வழி அவருக்கே உரியது. குழி தோண்டாமல், கன்று நடாமல், மற்ற இடங்களில் வைப்பது போலவே அங்கேயும் ஓர் இரும்புக் கூண்டு வைத்துவிடுவது. ஆடு மேயாமலிருக்கக் கன்றுகளைச் சுற்றி நிறுத்தும் அந்த உயரமான பட்டைக் கூண்டுகள் உங்களுக்கு நினைவிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாகவே இருக்கும். உள்ளே கன்று இருக்கிறதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

பறவை பார்த்தது. அப்பா வைத்துவிட்டுப் போன கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. உள்ளே போகவில்லை. வெயில் ஏறியது. நானும் அக்காவும் பின்கதவு இடுக்கில் ஒருவர் தலைமேல் ஒருவர் தலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா அடுப்படிக்கும் கதவுக்குமாக நடந்தாள். "போச்சா உள்ள?" "இல்லம்மா." கடைசியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அப்பாவை உட்காரவிடாமல் திருப்பி அனுப்பினாள். அவர் போய்க் கூண்டின் அடிப்பட்டைகளை இடுக்கியால் வளைத்து ஒரு வாசல் மாதிரி விட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகும் அது யோசித்தது. கழுத்தை நீட்டியது, பின்வாங்கியது. ஒரு லோக்கல் வந்து போனது. ரயில் மறைந்தபோது பறவை உள்ளே உட்கார்ந்திருந்தது. நாங்கள் கத்திவிடாமல் அம்மா இருவர் வாயையும் பொத்தினாள்.

அந்தச் சந்தோஷம் அன்று சாயங்காலம் வரைதான். சாவியும் குறடும் எடுத்துக்கொண்டு இரண்டு குழாய்க்காரர்கள் வந்து வால்வைச் சரிசெய்துவிட்டார்கள். விழா நாளில் பெரிய சாப் கண்ணில் தண்ணீர் வீணாகப் போவது படக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அவர்களைக் குறை சொல்ல முடியாது, நல்ல காரியம்தான். மறுநாள் மத்தியானம் பறவை வந்து உலர்ந்த மண்ணில் உட்கார்ந்து, வயிற்றைத் தேய்த்து, எழுந்து, சுற்றும் முற்றும் பார்த்தது. அதைப் பார்த்ததும் அம்மா சப்பாத்தி மாவு பிசைகிற பெரிய பராத்தை எடுத்தாள். அவளுடைய பராத் அது. அதில் வேறு எதையும் வைக்கவிட மாட்டாள். அதை வால்வடியில் மண்ணில் பதித்துத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு தட்டைக் கல்லையும் போட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டுச் சப்பாத்தி மாவு பல நாள் சாப்பாட்டுத் தட்டில்தான் பிசையப்பட்டது.

ஜூன் ஐந்து வந்தது. பந்தல், காகிதக் கொடி, தொழிற்சாலை பேண்டு. நாங்கள் கஞ்சி போட்ட பாவாடையில் வரிசையாக நின்றோம். என் கையில் கருப்பு பாலிதீன் பையோடு ஒரு சுபாபுல் கன்று. ஈர எரு வாசனை. பெரிய சாப் மைக்கில் பேசினார். நேற்று வரை இங்கே ஒன்றுமே இல்லை, உயிரே இல்லாத பொட்டல், இன்று நாம் இதற்கு உயிர் கொடுக்கிறோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினேன்.

நட்டு முடித்ததும் சாப் வரிசை நெடுக நடந்தார். அப்பா ஓரடி பின்னால். சாப் அந்தக் கூண்டருகே வந்ததும் பறவை விருட்டென்று எழுந்து அவர் தொப்பியை உரசிக்கொண்டு போனது. அவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"இஸ்மே பௌதா கஹான் ஹை?" கன்று எங்கே என்று கேட்டார்.

அப்பா கூண்டுக்குள் கையைக் காட்டினார். "சாப், அண்டா" என்றார். முட்டை. அவ்வளவுதான் வந்தது.

திட்டு விழும் என்று நினைத்தோம். விழவில்லை. சாப்புக்குச் சந்தோஷம் தாங்கவில்லை! உரக்கச் சிரித்து, மனைவியான மேம்சாபைக் கூப்பிட்டார், போட்டோக்காரரைக் கூப்பிட்டார், மற்ற அதிகாரிகளைக் கூப்பிட்டார். இன்றைய நாளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றார். குழந்தைகள் எல்லாம் ஓடி வந்து கூண்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பேண்டுக்காரர்களும் வந்தார்கள். ஒரு கூட்டம் பார்த்து நகர்ந்தால் அடுத்த கூட்டம். அப்பாவின் தோளில் சாப் கை வைத்து ஒரு படம். நான் அப்பாவை அவ்வளவு பெருமையோடு பார்த்ததில்லை. பறவை மேலே சுற்றிக் கத்திக் கத்திக் குரல் கம்மிப்போய், கடைசியில் தூரத்தில் தண்டவாள ஓரம் போய் இறங்கிவிட்டது. வெயில் நேராக முட்டைகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான், நான் முட்டையைக் கண்டுபிடித்தவள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"ஜாவ்" என்றாள். "சப் ஜாவ். தூப் ஹை. அண்டா மர் ஜாயேகா." எல்லோரும் போங்கள், வெயில் அடிக்கிறது, முட்டை செத்துவிடும்.

சப்தம் சட்டென்று நின்றது. அம்மா கையை வீசிக் குழந்தைகளை விரட்டினாள், பேண்டுக்காரர்களை விரட்டினாள். பிறகு அவளுக்கும் பெரிய சாப்புக்கும் நடுவில் யாருமில்லை.

"சாப், ஆப் பி ஜாவ்" என்றாள்.

நீங்களும் போங்கள் என்று மரியாதையாகச் சொல்லத்தான் நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த இந்தியில் அது நாயை விரட்டுவது போல வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சாப் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. மேம்சாப்தான் முதலில் அசைந்தாள். கூண்டுக்குள் ஒரு தடவை பார்த்து, தூரத்தில் நின்ற பறவையை ஒரு தடவை பார்த்து, கணவரின் முழங்கையைத் தொட்டு, "சலியே. ஹம் யஹான் மெஹ்மான் ஹைன்" என்றாள். நாம் இங்கே விருந்தாளிகள்தானே, வாருங்கள். அவர்கள் நடக்க, கூட்டமும் பின்னால் நடந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்து பின்கதவைச் சாத்தியதும் அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். "உங்க வேல போயிடுமா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா கதவிடுக்கில் இருந்தாள். "வருது. பராத்துக்கு வந்துடுச்சு. உக்காருது, உக்காருது... ஓடுது" என்றாள். அம்மா அழுதுகொண்டே எழுந்து, அவளைத் தள்ளிவிட்டுத் தானும் கண்ணை வைத்தாள்.

வேலை போகவில்லை. சாப் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று அப்பா சொன்னார். ஆனால் அதற்கப்புறம் சில நாட்கள் சாலை ஓரத்தில் அவருடைய ஜீப் வந்து வேகம் குறைத்துக் கொஞ்ச நேரம் நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள். பிறகு போய்விடும்.

முதல் மழை பெய்த மறுநாள் காலை போய்ப் பார்த்தோம். கூண்டுக்குள் ஓட்டுத் துணுக்குகள். குஞ்சுகளைக் காணோம். பொரிந்த உடனேயே எழுந்து நடந்துவிடும் சாதி அவை. தூரத்தில் புல்லுக்குள் பஞ்சு மாதிரி மூன்று, பொருந்தாத நீளக் கால்களோடு ஓடியதை அக்கா பார்த்தாள்; நான் ஒன்றைத்தான் பார்த்தேன். ஒரு முட்டை பொரியாமல் கிடந்தது. சுண்ணாம்பு பட்டது. அப்பா அதைக் கையில் வைத்து, நகத்தால் அந்த வெள்ளையைச் சுரண்டினார்.

"இதனாலயா இருக்கும்?" என்றார்.

வெயிலில் கிடந்ததனாலா, எங்கள் கூட்டத்தாலா, சுண்ணாம்பாலா, சும்மாவேவா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. பறவைகளைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன். அவரும் தெரியாது என்றார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அந்த மழைக்காலம் முழுக்க நான் என் கன்றுக்குக் காவல் இருந்தேன். சுபாபுல் வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம் என்பார்கள், பொய்யில்லை. அடுத்த கோடைக்குள் அப்பாவின் நேர்க்கோடு முழுவதும் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து, மெல்லிய இலைகளை ஆட்டிக்கொண்டு நின்றது. கீழே சரளை மேல் நிழலும் சருகும் விழுந்தன. புது நாற்றுகள் தாமாகவே முளைத்துவர ஆரம்பித்தன. பார்த்தவர்கள் எல்லோரும் அப்பாவைப் பாராட்டினார்கள். மறுபடியும் ஜூன் ஐந்துக்கு இரண்டாவது வரிசை போடும் பொறுப்பை அவரிடமே கொடுத்தார்கள்.

இந்த முறை அப்பா நூலைக் கட்டும் முன் எங்களைக் கூப்பிட்டார்.

"மொதல்ல நீங்க ரெண்டு பேரும் தேடிப் பாத்துட்டு வாங்க."

நாங்கள் குனிந்து, மண்டியிட்டு, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு மைதானம் முழுக்க அலைந்தோம். அக்காவுக்கு முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்லப்பா."

"நல்லா பாத்தீங்களா?"

மறுபடி போனோம். மறுபடியும் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு நிம்மதியாக இருந்தது தெரிந்தது. சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார். அப்போது பின்கதவில் நின்ற அம்மா, "அது இங்க இல்லீங்க. வந்து ரெண்டு நாளாச்சு. அந்தாண்ட, தண்டவாளத்து ஜல்லியில கத்திகினு கீது" என்றாள்.

நாங்கள் நால்வரும் காது கொடுத்தோம். ரயில்பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, லோக்கல் போன பிறகு வந்த அமைதியில், அந்தக் குரல் கேட்டது. அதற்கு வேண்டியது வெறும் தரைதான் என்று, நாலாபக்கமும் கண்ணுக்குத் தடையில்லாத, ஒன்றுமே இல்லாத தரைதான் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

"இவ்ளோ எடம் வுட்டுட்டு ரயிலு ஓடுற எடத்துல போய் இன்னாத்துக்கு முட்ட வைக்குது?" என்று நான் கேட்டேன்.

அப்பா திரும்பி, தான் போட்ட வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். காற்றில் எல்லா மரங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

"நல்லாத்தானே வளந்துகீது?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா, "வளந்துகீது" என்றாள். டப்பாவைப் பிடித்திருந்த அப்பாவின் கையிலிருந்து சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் பறந்துகொண்டிருந்தது.